எங்கள் பிரிவின் சிவில் பாதுகாப்புக் குழு: இரண்டு ஆண்டு அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

வட கொழும்பில் நாங்கள் குடியிருக்கும் கிராம உத்தியோகத்தர் பிரிவில், பொலிஸாரும் குடியிருப்பாளர்களும் மாதம் ஒரு தடவை கூடும் சிவில் பாதுகாப்புக் குழுவில் நான் உறுப்பினராகி இரண்டு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. இதில் சேரலாமா, சேர்ந்தால் ஏதேனும் பயன் உண்டா, பிறகு தொல்லை ஏதும் வருமா என்று கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் வெள்ளவத்தையிலும் இருக்கும் உறவினர்கள் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்னதையே இங்கே ஒழுங்காக எழுதிவைக்கிறேன். பொலிஸ் நிலையத்தின் பெயரையும் அதிகாரிகளின் பெயர்களையும் குறிப்பிடவில்லை. நான் சொல்லும் குறைகள் அந்த ஒரு நிலையத்துக்கு மட்டும் உரியவை என்று நான் நினைக்கவில்லை. நிறைகளுக்கு உரியவர்களோ தங்கள் பெயர் வெளியே வருவதை விரும்பமாட்டார்கள்.

நான் இக்குழுவுக்குள் போனதற்குக் காரணம் என் அம்மாவின் சங்கிலி. ஒரு வெள்ளிக்கிழமை மாலை கோவிலுக்குப் போய்த் திரும்பி வரும்போது, தோட்டம் என்று நாங்கள் அழைக்கும் எங்கள் குடியிருப்புக்குள் நுழையும் ஒழுங்கையின் முனையில், மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் அதை அறுத்துக்கொண்டு போனார்கள். அம்மா விழவில்லை, ஆனால் கழுத்தின் பின்புறத்தில் நூல் வைத்து இழுத்தது போல ஒரு சிவந்த கோடு இரண்டு கிழமை மறையாமல் இருந்தது. அன்றிரவே முறைப்பாடு செய்யப் போனோம். அம்மா தமிழில் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்ற ஒருவர் அதைச் சிங்களத்தில் சுருக்கிச் சொல்ல, கடமையில் இருந்தவர் எழுதினார். எழுதியதை யாரும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. காட்டிய இடத்தில் அம்மா தமிழில் கையொப்பமிட்டார். மூன்று மாதங்களுக்குப் பிறகு முறைப்பாட்டின் பிரதியை எடுத்து, சிங்களம் தெரிந்த நண்பி ஒருவரைக் கொண்டு வாசிப்பித்தபோதுதான், சம்பவம் பிரதான வீதியில் நடந்ததாக அதில் எழுதப்பட்டிருப்பது தெரிந்தது. ஒழுங்கை முனை என்ற சொல் எங்குமே இல்லை.

இது சின்னப் பிழை போலத் தோன்றலாம். அது எவ்வளவு பெரிய பிழை என்பது நான் கலந்துகொண்ட முதலாவது குழுக் கூட்டத்தில்தான் எனக்கு விளங்கியது.

கூட்டம் சனசமூக நிலையத்தில் நடந்தது. பிளாஸ்ரிக் கதிரைகள் இருபது, பிளேன்டீ, மாரி பிஸ்கட், சுவரில் கடந்த ஆண்டின் நாட்காட்டி. கிராம உத்தியோகத்தர் தலைமை தாங்க, பொலிஸ் நிலையத்திலிருந்து ஒரு சார்ஜன்ட் வந்திருந்தார். முதல் அரை மணி நேரம் வழக்கமான பேச்சுகளாகவே போயிற்று. பிறகு அந்த சார்ஜன்ட் எழுந்து, “சங்கிலி பறிகொடுத்தவங்க யாரும் இருக்கீங்களா அம்மா?” என்று தமிழில் கேட்டார். மட்டக்களப்பில் ஆறு வருடம் கடமை செய்தபோது கற்றுக்கொண்ட தமிழ் என்று பிறகு சொன்னார். ஒருவர் கை உயர்த்த, இன்னொருவர் உயர்த்த, நான்கு பேராயிற்று. எங்கே நடந்தது, எத்தனை மணிக்கு நடந்தது என்று அவர் ஒவ்வொருவரிடமும் கேட்டுத் தன் சின்னக் கொப்பியில் குறித்தார். நான்கும் ஒரே ஒழுங்கை முனை. நான்கும் மாலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில். எட்டு மாதத்துக்குள் நடந்த இந்த நான்கு சம்பவங்களில் ஒன்று முறைப்பாடாகவே பதியப்படவில்லை; ஏனைய மூன்றும் வெவ்வேறு இடங்களில் நடந்தவையாகப் புத்தகத்தில் கிடந்தன. பத்து நிமிடத்தில் நான்கு பெண்கள் சேர்ந்து கண்டுபிடித்த ஒன்று, எட்டு மாதம் ஒரு நிலையத்தின் புத்தகங்களுக்குள் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது.

அந்த முனையில் மாநகர சபையின் வீதி விளக்கு எரியாமல் நீண்ட நாளாகியிருந்தது. அதற்குக் கீழே பழைய தள்ளுவண்டிகள் இரண்டு கைவிடப்பட்டுக் கிடந்ததால், ஒழுங்கைக்குள் வருபவர் வீதியோரத்தை விட்டு இறங்கியே திரும்ப வேண்டியிருந்தது. மோட்டார் சைக்கிளில் வருபவனுக்கு அதைவிட வசதியான இடம் கிடைக்காது. விளக்கு பொலிஸாரின் பொறுப்பன்று, தள்ளுவண்டியும் அப்படியே. ஆனால் குழுவின் கடிதத்தோடு சார்ஜன்ட்டின் கடிதமும் சேர்ந்து மாநகர சபைக்குப் போனதால், ஐந்து வாரத்தில் விளக்கு எரிந்தது. தள்ளுவண்டிகளை இளைஞர்களே இழுத்து அப்புறப்படுத்தினார்கள். அதன் பின்னர் அந்த முனையில் ஒரு சங்கிலியும் போகவில்லை. திருடர்கள் வேறு முனைக்குப் போயிருக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரவு ஏழரைக்கு என் வீட்டுக் கணித வகுப்பு முடிந்து போகும் பிள்ளைகளின் பெற்றோர் இப்போது ஒழுங்கை முனைவரை வந்து காத்து நிற்பதில்லை.

அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் ஹேர்மன் கோல்ட்ஸ்டீன் 1979இல் எழுதிய கட்டுரையொன்றில் சொன்னதும் ஏறத்தாழ இதுதான். பொலிஸார் ஒவ்வொரு சம்பவத்துக்கும் தனித்தனியே ஓடுவதை விட்டு, ஒரே வகையில் திரும்பத் திரும்ப நடப்பவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்து, அவற்றுக்கு அடியிலுள்ள காரணத்தை நீக்க வேண்டும் என்றார். ஆனால் ஒன்றாக வைத்துப் பார்ப்பதற்கு முதலில் சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டுமே. மக்கள் சொல்வதைச் சொன்னபடி பதிவுசெய்யாத நிலையத்தில் எந்த நவீன முறையும் வேர் பிடிக்காது. ஆகவே இந்தச் சேவையை மதிப்பிடும்போது நான் முதலாவதாக வைக்கும் அளவுகோல் மொழி.

தமிழில் முறைப்பாடு செய்வது யாரும் நமக்குச் செய்யும் தயவன்று. 1987இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அடுத்த ஆண்டு வந்த 16ஆவது திருத்தம், சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசங்களிலும் தமிழில் தொடர்புகொள்வதற்கும் தமிழில் பதில் பெறுவதற்கும் உள்ள உரிமையை விரிவாக எழுதிவைத்தது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டமும், வாய்மொழியாகத் தரப்படும் தகவலை எழுதி, அதைத் தந்தவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது. எங்கள் நிலையத்தில் இது இப்போது பெரும்பாலும் நடக்கிறது. காரணம், குழுவில் நாங்கள் இதை மூன்று கூட்டங்களில் விடாமல் கேட்டோம். தமிழ் எழுதத் தெரிந்த பெண் கான்ஸ்டபிள் ஒருவர் கிழமையில் சில நாட்கள் முறைப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார். அவர் இல்லாத நாளில் என்ன செய்வது என்ற கேள்விக்கு இன்னும் நிரந்தரமான விடை இல்லை. இந்த விடயத்தில் நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: நடந்ததைத் தமிழில், இடத்தையும் நேரத்தையும் தெளிவாகக் குறித்து, வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் திரும்பாதீர்கள்.

இரண்டாவது அளவுகோல், முகம் தெரிந்த ஒருவர் நம் தெருவில் நடந்து வருகிறாரா என்பது. நமது பொலிஸ் திணைக்களம் 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் கீழ், குடியேற்ற ஆட்சிக் காலத்தில் உருவானது. அந்தக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வாகனத்தில் வந்து, வாகனத்திலிருந்தபடியே கேட்டுவிட்டுப் போகும் பழக்கத்தையே எங்கள் தோட்டத்தவர்கள் அதிகம் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் 1972–73இல் நடத்தப்பட்ட ஆய்வொன்று, பொலிஸ் கார்கள் வெறுமனே சுற்றி வருவதைக் கூட்டினாலும் குறைத்தாலும் குற்றங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை என்று காட்டியது. சில ஆண்டுகளின் பின் நியூவார்க் நகரில் நடந்துபோகும் ரோந்தை ஆராய்ந்தபோது, குற்ற எண்ணிக்கை பெரிதாகக் குறையாவிட்டாலும் மக்களின் அச்சம் குறைந்தது என்று கண்டார்கள். எங்கள் சார்ஜன்ட் கிழமையில் இரண்டு மாலைகள், ஒரு கான்ஸ்டபிளையும் கூட்டிக்கொண்டு, ஒழுங்கையின் இந்த முனையிலிருந்து மறுமுனைவரை நடப்பார். பெரும்பாலும் அவர் எதையும் பிடிப்பதில்லை. கடை வாசலில் நின்று விசாரிப்பார், முந்திய கிழமை சொன்னது என்னவாயிற்று என்று சொல்வார். “நீங்க சொன்ன அந்த ஆட்டோ விஷயம் பார்த்தேன் அக்கா, அது நம்ம ஆள்தான், பயமில்லை” என்று ஒரு மாலை மூலைக்கடை அக்காவிடம் சொன்னதை நான் அருகில் நின்று கேட்டேன். சொன்ன ஒன்றுக்குப் பதில் வந்தது அந்த அக்காவின் வாழ்க்கையில் அதுவே முதல் தடவையாம். அடுத்த கிழமை அவர் சொன்னது அதைவிட முக்கியமான ஒன்று. அதை இங்கே எழுத முடியாது.

இனி, இந்தச் சேவையின் மிக மோசமான பகுதிக்கு வருகிறேன். இதை எழுதாமல் விட்டால் இந்த மதிப்பீடு பொய்யாகிவிடும்.

நான் சேர்ந்த ஐந்தாவது மாதத்தில், கூட்டத்துக்கு சார்ஜன்ட்டுக்குப் பதிலாக வேறோர் அதிகாரி வந்தார். போதைப்பொருள் பற்றி யாருக்காவது ஏதும் தெரிந்தால் வெளிப்படையாகச் சொல்லுங்கள், பயப்பட வேண்டாம் என்றார். கணவனை இழந்து பிள்ளைகளோடு வாழும் ஒரு தாய் எழுந்து, தன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஐஸ் என்ற போதைப்பொருளை விற்கிறார்கள் என்று இருபது பேருக்கு முன்னால் சொன்னார். அவருக்கு வேறு வழி தெரியவில்லை. அவருடைய மூத்த மகனுக்குப் பதினாறு வயது. மறுநாள் காலை அவர் தண்ணீர் எடுக்கப் போனபோது, அந்த வீட்டுப் பையன் மதிலில் சாய்ந்து நின்றுகொண்டு, “ஆன்ரி, மீட்டிங்கில நல்லாப் பேசினீங்களாம்” என்றிருக்கிறான். அவ்வளவுதான். அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அந்தத் தாய் அடுத்த மாதமே முகத்துவாரத்திலுள்ள தன் தங்கையின் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த மூன்று கூட்டங்களில் குப்பையையும் நாயையும் தவிர வேறெதைப் பற்றியும் யாரும் வாய் திறக்கவில்லை.

2025 பெப்ரவரி 19ஆம் திகதி அளுத்கடை நீதிமன்ற அறைக்குள்ளேயே துப்பாக்கிச் சூடு நடந்து, அங்கு முன்னிலைப்படுத்தப்பட்டிருந்த ஒருவர் கொல்லப்பட்ட நகரம் இது. இங்கே சாதாரண மனிதர்களின் பயத்தைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாப்பதற்கு நம்மிடம் 2015ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் தண்ணீர்க் குழாயடியில் நின்று கேட்கப்படும் அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராக ஒரு சட்டம் உடனே வந்து நிற்காது. அங்கே பாதுகாப்பு என்பது, அந்தத் தாயை எழுந்து பேசும் நிலைக்கே கொண்டுவராமல் இருப்பதுதான். குற்றவாளிகளைப் பற்றிய தகவலைப் பொதுக்கூட்டத்தில் கேட்பது பெரும் தவறு என்பதை நான் அந்த அதிகாரிக்கே எழுதிக் கொடுத்தேன். இப்போது எங்கள் குழுவில் ஒரு விதி இருக்கிறது: கூட்டத்தில் இடங்களைப் பற்றிப் பேசலாம், ஆட்களைப் பற்றிப் பேசக்கூடாது. விளக்கு, மதில், பூட்டிக் கிடக்கும் வீடு, பாடசாலை விடும் நேரத்தில் வீதியோரத்தில் நிற்கும் வாகனங்கள், இவை எல்லாவற்றையும் எல்லோருக்கும் முன்னால் பேசலாம். ஆட்களைப் பற்றியதை சார்ஜன்ட்டின் தொலைபேசிக்குத் தனியே சொல்ல வேண்டும், அல்லது நேரடியாக 119க்கு அழைக்க வேண்டும். சிறுவர் தொடர்பானது என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929, பெண்களுக்கு எதிரான வன்முறை என்றால் 1938. இந்த இலக்கங்களைத் தமிழில் பெரிதாக எழுதி சனசமூக நிலையக் கதவில் ஒட்டியிருக்கிறோம். போன தாய் திரும்பி வரவில்லை.

இதே காரணத்தால்தான் பெரும் சுற்றிவளைப்புகள் சமூகத்துக்கும் பொலிஸாருக்கும் இடையிலான உறவை வளர்க்கும் என்று நான் நம்புவதில்லை. போதைப்பொருளை ஒழிப்பதற்கென்று 2023 டிசெம்பர் 17ஆம் திகதி பொலிஸார் ஆரம்பித்த ‘யுக்திய’ நடவடிக்கையில் குறுகிய காலத்தில் ஆயிரக்கணக்கானோர் கைது செய்யப்பட்டார்கள். அடுத்த மாதமே ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் அதை இடைநிறுத்தி மீளாய்வு செய்யுமாறு கேட்டுக்கொண்டார்கள். போதைப்பொருள் எங்கள் பிள்ளைகளைத் தின்றுகொண்டிருக்கிறது என்பதை என்னைவிட அறிந்தவர் இல்லை என்று சொல்லுமளவுக்கு, என் வகுப்பிலிருந்து இடையில் நின்றுபோன பையன்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒரு தெருவையே சந்தேகநபராக நடத்திவிட்டு, மறுமாதம் அதே தெருவிடம் தகவல் கேட்க முடியாது.

இந்த இடத்தில் கொழும்புத் தமிழர்களாகிய நமக்கே உரிய ஒரு சுமையையும் சொல்ல வேண்டும். குழு ஆரம்பத்தில் வீட்டு விபரப் படிவம் ஒன்றைக் கொடுத்தது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், சொந்த ஊர் எது, எப்போது கொழும்புக்கு வந்தார்கள் என்று அதில் கேட்கப்பட்டிருந்தது. எங்கள் மாடியில் குடியிருக்கும் எண்பது வயதுப் பெரியவர் அதைக் கையிலும் தொடவில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில், கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது, அந்த பஸ் ஒன்றில் அவருடைய மருமகனும் இருந்தார். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது உண்மைதான். ஆனால் பொலிஸ் பதிவுத் துண்டைப் பணப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் இந்த நகரத்தில் நடமாடியவர்களுக்கு, ‘விபரம்’ என்ற சொல்லே வேறு மாதிரித்தான் கேட்கும். நான் அந்தப் பெரியவரின் பக்கமே நின்றேன். பாதுகாப்புக்கு வேண்டியது அவசரத்தில் அழைக்க ஒரு தொலைபேசி இலக்கமும், தனியே வாழும் முதியவர் யார் என்ற தகவலும் மட்டுமே. சொந்த ஊர் எதற்கு? இதைக் கூட்டத்தில் கேட்டபோது கிராம உத்தியோகத்தரே ஒத்துக்கொண்டார். படிவம் ஆறு கேள்விகளுடைய ஒற்றைத் தாளாகச் சுருங்கியது, விரும்பியவர் மட்டும் நிரப்பலாம் என்றும் ஆயிற்று. பெரியவர் தம் மகளின் தொலைபேசி இலக்கத்தை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

பொதுமக்களுக்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்கலாம் என்பதிலும் எங்களுக்குள் கடுமையான விவாதம் நடந்தது. சில இளைஞர்கள், தங்களுக்கு மேலங்கி கொடுத்தால் இரவில் ரோந்து போவதாகவும், வெளியாட்களின் பைகளைச் சோதிப்பதாகவும் சொன்னார்கள். அவர்களுடைய ஆர்வத்தை நான் மதிக்கிறேன். இருட்டில் தள்ளுவண்டியை இழுத்து அகற்றியவர்கள் அவர்களே. ஆனால் தமிழ்நாட்டில் நடந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. 1993இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் ‘பொலிஸ் நண்பர்கள்’ என்ற அமைப்பு நல்ல நோக்கத்தோடு தொடங்கப்பட்டு மாநிலம் முழுவதும் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் பொலிஸ் காவலில் சித்திரவதைக்குள்ளாகி இறந்ததை அடுத்து, அந்த அமைப்பைச் சேர்ந்தவர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே தமிழக அரசு அந்த அமைப்புக்குத் தடை விதித்தது. அதே தமிழ்நாட்டின் திருச்சியில் 1999ஆம் ஆண்டளவில் செய்யப்பட்டதோ வேறு. அங்கே நகரைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் நிலையாகச் சில கான்ஸ்டபிள்களைப் பொறுப்பாக்கி, அவர்களையே மக்களோடு பழகவிட்டார்கள். பொலிஸ்காரர் அயலவர் போல ஆவது நல்லது. அயலவர் பொலிஸ்காரர் போல ஆவது ஆபத்து. எங்கள் இளைஞர்கள் இப்போது இரவு வகுப்பு முடிந்து வரும் பெண்பிள்ளைகளுக்கும், பின்னேர வேலை முடித்து வரும் தாய்மாருக்கும் பஸ் தரிப்பிடத்திலிருந்து துணையாக நடந்து வருகிறார்கள். பைகளைச் சோதிப்பதில்லை.

வட்ஸ்அப் குழுவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலை வணக்கப் படங்களைத் தடைசெய்தபின் ஓரளவு பயன்படுகிறது. சீசீடிவி கமராவைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நாங்கள் பணம் சேர்த்து நான்கு கமராக்கள் வாங்கினோம். முதல் திருட்டு நடந்தபோது, பதிவுப் பெட்டி இருந்த கடைக்காரர் ஊருக்குப் போயிருந்தார், கடவுச்சொல் அவருக்கு மட்டுமே தெரியும். அவர் திரும்பி வந்தபோது பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறியிருந்தது. கமரா வாங்கும் முன்னர், பதிவு எத்தனை நாளைக்கு நிற்கும், யார் பொறுப்பு, பொலிஸார் கேட்டால் யார் எடுத்துக் கொடுப்பது என்பதை எழுதிவைத்துவிட்டு வாங்குங்கள். பொருத்தும்போது அது யாருடைய வீட்டு வாசலையும் யன்னலையும் பார்த்தபடி இருக்கக்கூடாது. எங்களுடைய ஒன்றைத் திருப்பி வைக்கவேண்டி வந்தது.

குழுவுக்கு வரும் பிணக்குகளில் பாதிக்கு மேல் குற்றங்களே அல்ல என்பதும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மேல்வீட்டுத் தண்ணீர் கீழ்வீட்டில் ஒழுகுவது, பொதுவழியில் மோட்டார் சைக்கிள் நிறுத்துவது, வாங்கிய கடன், சத்தமான பாட்டு. இவை அடிதடியாக வளர்ந்த பிறகுதான் பொலிஸுக்குப் போகும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், இப்படியான பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்க இயங்கும் இணக்க சபை ஒன்று நம் பகுதியிலும் இருக்கிறது என்பது எங்கள் தோட்டத்தில் பலருக்குத் தெரியவே தெரியாது. ஆறு குடும்பங்களை அங்கே அனுப்பினோம். நான்கு குடும்பங்கள் இணக்கத்தோடு திரும்பின. ஒரு குடும்பத்தின் பிணக்கு இன்னும் நடக்கிறது. ஆறாவது குடும்பம் வீட்டை விற்றுக்கொண்டு போய்விட்டது.

புள்ளி கொடுக்கச் சொன்னால் ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். ஒழுங்கை முனை விளக்குக்கும், நடந்து வந்து பதில் சொன்ன அந்த சார்ஜன்ட்டுக்கும் முழுப் புள்ளி. ஒரு தாயை ஊர் மாற வைத்ததற்கு ஒரு புள்ளி குறைகிறது. இன்னொரு புள்ளி குறைவதற்குக் காரணம் இடமாற்றம்.

கடந்த ஆடி மாதம் சார்ஜன்ட்டுக்கு இடமாற்றம் வந்தது. அவர் போகும் முன் வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுத்தான் போனார். அம்மா அவருக்குப் பலகாரம் கட்டிக் கொடுத்தார். அவருடைய சின்னக் கொப்பியும் அவரோடு போய்விட்டது. அது அரசாங்கப் புத்தகமன்று, அவருடைய சொந்தக் கொப்பி. புதிதாக வந்த அதிகாரி நல்லவராகவே தெரிகிறார். ஆனால் அவருக்கு ஒழுங்கை முனையும் தெரியாது, யாரைத் தனியே விசாரிக்க வேண்டும், யாரை எல்லோருக்கும் முன்னால் கேட்கக்கூடாது என்பதும் தெரியாது. முதல் கூட்டத்தில் அவர் எழுந்து, போதைப்பொருள் பற்றி யாருக்காவது ஏதும் தெரியுமா என்று கேட்டார். இருபது பேரும் நிலத்தைப் பார்த்தோம். கிராம உத்தியோகத்தர் மெல்ல அவர் அருகே போய்க் காதில் எதையோ சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினோம். ஆட்களின் பெயர் எதுவும் அதில் இல்லை. இடம், நேரம், நடந்தது, யாரிடம் சொல்லப்பட்டது, என்ன பதில் வந்தது என்று ஐந்து நிரல்கள் கோடு போட்டு, இடது பக்கத்தில் தமிழிலும் வலது பக்கத்தில் சிங்களத்திலும் எழுதுகிறோம். சிங்களப் பக்கத்தை எழுதுவது எதிர்வீட்டு மங்களிக்கா அக்கா. அவருடைய சங்கிலியும் அந்த முனையில்தான் போனது. கொப்பி சனசமூக நிலைய மேசை லாச்சியில் பூட்டியிருக்கிறது, திறப்பு இரண்டு. ஒன்று நூலகரிடம், மற்றது என்னிடம். புதிய அதிகாரி போன கிழமை வந்து அரை மணி நேரம் இருந்து அதை வாசித்தார். ஐந்தாவது நிரலில் வெறுமையாக இருந்த மூன்று இடங்களைத் தன் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அடுத்த கூட்டம் இம்மாதம் மூன்றாவது ஞாயிறு, பின்னேரம் ஐந்து மணிக்கு.